ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலி

ஒன்பது வருடம், ஏழாயிரம் விசிட்டிங் கார்டு. இது அச்சகக்காரர் சொல்லும் கணக்கு. "அக்கா, எலெக்‌ஷனுக்கு அடுத்தபடியா எங்க கடையில அதிகமா அச்சடிச்சது உங்க பேரைத்தான்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அக்காவும் ஒவ்வொரு முறையும் சிரித்து வைப்பார். சிரித்து வைப்பது அவர் தொழிலில் பாதி. மீதிப் பாதி சீருடை தைப்பது.

டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது அவருடைய யூனிட். எட்டு மிஷின், ஒரு நீள மேசை, எந்நேரமும் ரப்பர் வாசனை. படிக்கட்டு குறுகல் என்பதால் துணிக்கட்டுகளைக் கயிறு கட்டி ஜன்னல் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். துணி வெட்டுவது அவர் கணவர். வேலை செய்கிற இடத்தில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அக்காவும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார். வீட்டுக்கு வந்தால் "என்னங்க". மாஸ்டர் நாள் முழுக்க மேசையை விட்டு நகர மாட்டார். ஊரைச் சுற்றி ஆர்டர் பிடித்து வருவது அக்காவின் பாடு.

அந்தப் பாடுகளில் முக்கியமானது புதன்கிழமைக் கூட்டம். வாரம் தவறாமல் காலை ஏழு மணிக்கு, ஒரு ஓட்டலின் கீழ்த்தள ஹாலில், முப்பது நாற்பது வியாபாரிகள் கூடுவார்கள். முட்டை, பிரெட், காபி. சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவராக எழுந்து ஒரு நிமிடம் பேச வேண்டும்: நான் என்ன செய்கிறேன், இந்த வாரம் யாருடைய அறிமுகம் எனக்கு வேண்டும். நிமிடம் முடிந்தால் கேக் கடைக்காரர் மணி அடிப்பார். ஒருவருக்கொருவர் ஆள் பிடித்துக் கொடுப்பதுதான் கிளப்பின் வேலை. அங்கே யாரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தொழில்தான் பெயர். பெயின்ட், ஆடிட்டர், லிஃப்ட், பல் டாக்டர். இவர் யூனிபார்ம் அக்கா.

கறாரான விதி இரண்டு. ஆறு மாதத்துக்குள் மூன்று முறை வராவிட்டால் நாற்காலி போய்விடும். ஒரு தொழிலுக்கு ஒரே நாற்காலி. அதாவது, அக்கா அங்கே இருக்கும்வரை வேறு எந்தத் தையல்காரரும் உள்ளே கால் வைக்க முடியாது. ரிங் ரோட்டில் யூனிட் வைத்திருக்கும் ஒருவர் அந்த நாற்காலிக்காக மனுப் போட்டுவிட்டு இரண்டு வருடமாகக் காத்திருந்தார். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போவார்.

வாங்கிய கார்டுகளின் பின்பக்கத்தில் அக்கா சின்னதாகக் குறித்து வைப்பார். 'மூட்டுவலி, கேட்கணும்.' 'மகன் பரீட்சை.' 'மாமியார் பேச்சை எடுக்கக் கூடாது.' அடுத்த முறை பார்க்கும்போது மறக்காமல் விசாரிப்பார். அது நடிப்பில்லை, கேட்கும்போது உண்மையான அக்கறையோடுதான் கேட்பார். ஆனால் முகம் வலிக்கும். புதன்கிழமை மத்தியானம் யூனிட்டுக்கு வந்ததும் கழுவுமிடத்துக்குப் போய்த் தாடையைப் பிசைந்துவிட்டுத்தான் வெளியே வருவார். யாரென்றே தெரியாதவர்களின் கல்யாணம், புதுமனை, ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாவற்றுக்கும் போயாயிற்று. ஒருமுறை ஒரு சாவு வீட்டில், துக்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கை தானாகக் கைப்பைக்குள் போய்க் கார்டைத் தொட்டது. வெடுக்கென்று கையை எடுத்தார். அன்றைக்கு முழுக்க அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இந்த ஆறு மாதத்தில் இரண்டு முறை கூட்டத்துக்குப் போகாமல் இருந்தாயிற்று. ஒன்று மாஸ்டரின் கண் ஆபரேஷன். இன்னொன்றுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார். உண்மையில் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிப்போனார்.

இந்த நேரம் பார்த்துத்தான் புது ஆஸ்பத்திரியின் சீருடை ஆர்டர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அங்கே லிஃப்ட் மாட்டுவது கிளப்பின் லிஃப்ட்காரர். அக்கா எட்டு மாதமாக அவரைத் தாங்கிக்கொண்டிருந்தார். அவர் தம்பிக்கு வாடகை வீடு, மகளுக்குப் பள்ளியில் இடம், மாமனாருக்குப் பல் செட். கடைசியில் லிஃப்ட் மனம் கனிந்தார். "வர்ற புதன்கிழமை ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரியை விருந்தாளியா கூட்டிட்டு வர்றேன்க்கா. சீருடை விஷயத்துல அந்த மேடம் சொல்றதுதான். உங்க ஒரு நிமிஷத்துல அசத்திடுங்க."

திங்கட்கிழமை காலையில் எழுந்தபோது அக்காவுக்குக் குரல் இல்லை.

தொண்டை கட்டிய குரலாக இருந்தால் சமாளித்திருப்பார். இது சுத்தமாகவே இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பத்து நாளைக்கு வாயைத் திறக்கக் கூடாது. முணுமுணுக்கவும் கூடாது, அதுதான் இன்னும் கெடுதல்" என்றார். யூனிட்டில் காலர் தைக்கும் பெண், "அக்கா, என் மிஷின் இவ்வளவு சத்தம் போடும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா விரலை ஆட்டி மிரட்டினார். அதற்கும் சிரித்தார்கள்.

ஆடிட்டர்தான் கிளப் தலைவர். விஷயத்தைக் கேட்டதும், "ஆள் நேர்ல வரணும், அவ்வளவுதான். வாய் யாரோடதா இருந்தா என்ன?" என்று சொல்லிவிட்டார். அக்கா கணவரைப் பார்த்தார்.

"நானா? நான் அங்க வந்து என்ன பேசுறது? துணியை வெட்டுன்னா வெட்டுவேன்."

பேச வேண்டியதை ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டினார் அக்கா. மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். "'தரத்துக்கும் நேரத்துக்கும் பேர் பெற்றவர்கள் நாங்கள்.' இதையா வாராவாரம் சொல்றே?"

அக்கா தலையாட்டினார்.

"யாரும் சிரிக்க மாட்டாங்களா?"

அக்கா தாளைப் பிடுங்கி அவர் சட்டைப்பையில் திணித்தார்.

புதன்கிழமை மாஸ்டர் ஒரு வரி பிசகாமல் ஒப்பித்தார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. நிமிடத்தில் பாதிகூட ஆகவில்லை, முடித்துவிட்டார். அக்காவுக்கு மூச்சு வந்தது. நிர்வாக அதிகாரி எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நரை ஓடிய தலை, முன்னால் ஆறிப்போன காபி. தன்னைவிடக் களைத்த முகம் என்று அக்கா நினைத்துக்கொண்டார். விருந்தாளிகள் கேள்வி கேட்கலாம். அவர் கேட்டார்.

"நர்ஸ், வார்டு ஆளுங்க, டாக்டர் கோட்டு எல்லாம் சேர்த்து எண்ணூறு உருப்படி வரும். ரெண்டு மாசத்துல திறப்பு. முடியுமா?"

ஒன்பது வருடத்தில் அந்தக் கேள்விக்கு அக்கா சொன்ன பதில் ஒன்றுதான்: கண்டிப்பா முடியும். முதலில் அதைச் சொல்லிவிடுவது, எப்படி முடிப்பது என்று வீட்டுக்குப் போய் யோசிப்பது. அந்தப் பதில் இப்போதும் நாக்கு நுனிவரை வந்து நின்றது. காற்றாக.

மாஸ்டர் ஹாலின் கூரையைப் பார்த்தார். மேசைமேல் துணியை விரித்துக் கணக்குப் போடும்போதும் அப்படித்தான் பார்ப்பார்.

"முடியாதுங்க" என்றார்.

மேசைக்கடியில் அக்கா அவர் காலை மிதித்தார்.

"ஏம்மா மிதிக்கிறே? முடியாதுதானே?"

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. பெயின்ட் மேசையைத் தட்டினார். மாஸ்டர் யாருக்காகவும் நிறுத்தவில்லை. "எட்டு மிஷின்ங்க. அதுல நாலு பேருக்குத்தான் காலர் சுத்தமா வரும். பாதின்னா செய்யலாம். முழுசா ஒத்துக்கிட்டா இவ தூங்க மாட்டா. போன வருஷம் ஓட்டல் ஆர்டருக்கு அப்படித்தான் ஒத்துக்கிட்டு, கடைசி வாரம் பூரா இவளே உட்கார்ந்து பட்டன் தைச்சா. இந்தக் குரல் அப்பவே பாதி போச்சு..."

மணி அடித்தது.

அதிகாரி காபியைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்து எழுந்தவரைப் பார்த்தார். கூட்டம் கலையும்போது மாஸ்டரின் பக்கத்தில் லிஃப்ட்காரர் வந்து நின்றார். "அண்ணே, கைக்கு வந்ததை இப்படித் தட்டி விட்டுட்டீங்களே! அக்கா எட்டு மாசமா என் பின்னாடி நடந்தாங்க. எனக்கே பாவமா இருந்துச்சு."

"பாவமா இருந்தா முதல் மாசமே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார் மாஸ்டர்.

வீடு திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா வழியெல்லாம் அவர் முதுகில் குத்திக்கொண்டே வந்தார். திட்ட வாயில்லாததால் ஒன்பது வருடத்துக்கான திட்டு முழுதும் கைக்கு இறங்கியிருந்தது. மாஸ்டர் வாங்கிக்கொண்டார். ஒரு சிக்னலில் குத்து நின்றது. திரும்பிப் பார்த்தார். அக்கா அவர் முதுகிலேயே தலையைச் சாய்த்து உறங்கிப்போயிருந்தார். பச்சை விழுந்தும் மாஸ்டர் உடனே வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

மத்தியானம் போன் வந்தது. மாஸ்டர் எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசைமேல் வைத்தார்.

"காலையில பேசினவர்தானே?" அதிகாரியின் குரல். "உங்களுக்கு முன்னாடி மூணு பேர்கிட்ட கேட்டேன். மூணு பேரும் முடியும்னாங்க. கட்டில்காரரும் அப்படித்தான் சொன்னார், இன்னும் ஒரு கட்டில் வரல. பாதியை நீங்க செய்ங்க. மீதிக்கு ஒரு நல்ல யூனிட்டை நீங்களே பிடிங்க. ஆனா நான் ஒருத்தர்கிட்டதான் பேசுவேன். தப்பு நடந்தாலும் உங்களைத்தான் கேட்பேன். யாருன்னு சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

அக்கா கார்டுப் பெட்டிகளை இறக்கினார். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிகள், தொழில்வாரியாகப் பிரித்து வைத்தவை. குழாய், கண்ணாடி, கரையான் மருந்து, நீச்சல்குளம் கழுவுகிறவர்கள்கூட மூன்று பேர் இருந்தார்கள். தையல்காரர் ஒருவர்கூட இல்லை. எப்படி இருப்பார்கள்? ஒரு தொழிலுக்கு ஒரே நாற்காலி. தன் தொழிலில் இருக்கிற இன்னொருவரிடம் கார்டு வாங்க வேண்டும் என்று ஒன்பது வருடத்தில் அவருக்குத் தோன்றியதே இல்லை.

மாஸ்டர் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஒருத்தர் இருக்காரே."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழக்கதோஷம்.

மறுநாள் ரிங் ரோட்டு யூனிட்டின் படியேறியபோது, அக்காவைப் பார்த்ததும் அந்த ஆள் பதறி எழுந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் டேப், சட்டையெல்லாம் நூல் பிசிறு. "வாங்கக்கா, உட்காருங்க. சீட் விஷயமா வந்திருந்தா... நான் மனுவை வேணும்னா திருப்பி வாங்கிக்கிறேன்க்கா."

அக்கா பதில் சொல்லவில்லை.

"உங்க நாற்காலியைப் பிடுங்கணும்னு இல்லக்கா. ஆர்டர் இல்ல, அதான்."

அப்போதும் பதில் இல்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அக்கா தொண்டையைக் காட்டி, இல்லை என்று கையை விரித்தார்.

"அட, குரல் போச்சா! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று பொத்தென்று உட்கார்ந்தார்.

அக்கா கைப்பையிலிருந்து நர்ஸ் சட்டையின் மாதிரிக் கை ஒன்றை எடுத்து வைத்தார். அவர் உள்பக்கம் புரட்டித் தையலை விரலால் நெருடிப் பார்த்தார். எழுந்து போய்த் தன் அலமாரியிலிருந்து ஒரு காலரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அக்கா அதைப் புரட்டினார். சுத்தமான வேலை. மூலை மட்டும் கொஞ்சம் தடிப்பு. அதை அக்கா தொட்டதும், "தெரியும்க்கா, அந்த மிஷின் அப்படித்தான் மக்கர் பண்ணுது" என்றார் அவர். "நம்மளதும்தான்" என்பதுபோல் அக்கா தலையை ஆட்டினார். மிஷினைத் திட்டுகிற ஆள் ஒருவரோடு உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று என்று தோன்றியது.

ஆர்டர் தாளை எடுத்து நீட்டி, நடுவில் நகத்தால் ஒரு கோடு கிழித்தார். அவர் கோட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாதி எனக்கா? ஏன்க்கா?"

டாக்டர் சொன்னதை மீறி அக்கா காற்றுக்குரலில் சொன்னார்: "வேற யாரையும் தெரியாது."

அவர் சிரித்துவிட்டார். "எனக்கும்தான்க்கா, நம்ம தொழில்ல யாரைத் தெரியும்!" பிறகு தயங்கிக் கேட்டார். "அந்தக் கிளப் எப்படிக்கா இருக்கும்? நல்லா இருக்குமா?"

அக்கா யோசித்தார். இரண்டு விரலை வாயின் இரு ஓரத்திலும் வைத்து இழுத்து, ஒரு சிரிப்பை நிறுத்திக் காட்டினார். எடுக்கவில்லை. அப்படியே வைத்திருந்தார். அவர் முதலில் சேர்ந்து சிரித்தார். அக்கா இன்னும் விரலை எடுக்காததைப் பார்த்ததும் அவர் சிரிப்பு அடங்கிவிட்டது.

சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அதிகாரிக்குச் சொல்லியாயிற்று. அளவெடுக்க அவர் கொடுத்த நேரம் புதன்கிழமை காலை ஏழு மணி. திறப்புக்கு முன் நடக்கும் பயிற்சியில், இரவு முடித்துப் போகிறவர்களும் பகலுக்கு வருகிறவர்களும் ஒன்றாக இருப்பது அப்போது மட்டும்தான். வேறு நாள் கேட்டுப் பார்த்தார் மாஸ்டர். இல்லை. அவரே ஆடிட்டருக்குப் போன் செய்தார்.

"வர்ற புதன்கிழமை வர முடியாது சார்."

"அண்ணே, இது மூணாவது. தெரியும்ல? சீட் ரிங் ரோட்டுக்காரருக்குப் போயிடும். அன்னைக்கே அவரைக் கூப்பிட்டாகணும்."

"கூப்பிடுங்க. ஆனா அன்னைக்கு அவரும் எங்ககூடத்தான் வர்றார்."

ஆடிட்டர், "அப்ப யார்தான் வருவா?" என்று கேட்டார். மாஸ்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா பட்டன்களை நிறம்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

புதன்கிழமை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் அளவெடுக்கத் தொடங்குகிறார்கள். டேப் பிடிப்பது அக்கா, எழுதிக்கொள்வது ரிங் ரோட்டுக்காரர். அலாரத்தை மாற்ற வேண்டியதில்லை. அது எப்போதும் புதன்கிழமைக்கு ஐந்தரை மணிக்குத்தான் வைத்திருக்கிறது.