நான் சொன்ன உண்மை

பொய் சொல்லி ஒருவரைக் கெடுத்தவர்கள் உண்டு. நான் உண்மையைச் சொல்லிக் கெடுத்தேன். எண்பதை நெருங்கும்போது இதை எழுதுவதில் பெருமை ஒன்றும் இல்லை. சுமந்து அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது. நாரணாபுரத்து மாமா ஒரு கொத்து ஓலைவெடி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பங்குனி வெயிலில், வீட்டில் எல்லோரும் கண்ணயர்ந்த மதிய நேரம், களத்தில் தனியாக அதைக் கொளுத்தினேன். வெடிச்சத்தம் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒன்று துள்ளிப்போய், சோளத்தட்டைகளை அடுக்கியிருந்த படப்புக்குள் விழுந்தது. புகையைக் கண்டதும் ஓடிவந்து பாயில் படுத்துக்கொண்டேன். கூச்சல் கேட்டபோது, அப்போதுதான் விழித்தவன்போல் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தேன். கோடை முழுதும் மாடுகள் தின்ன வேண்டிய தீவனம் சாம்பலாகிவிட்டது.

எங்கள் மாடுகளைப் பார்த்துக்கொண்டவர் சோலை. ஐம்பது வயதிருக்கும். நான் அவரை 'ஏலே சோலை' என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் அதுதான் வழக்கம்.

பெரியப்பா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"ஏலே, சோலைப் பய படப்புப் பக்கம் பீடி குடிச்சானா?"

"ஆமா பெரியப்பா, குடிச்சான்."

அது உண்மை. உச்சிவேளைக்குச் சற்று முன் அவர் குடித்ததை நான் பார்த்திருந்தேன்.

சோலையை மாரியம்மன் முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். எங்கள் ஊர்க் கோயிலுக்குள் அவர் நுழையக்கூடாது என்பதால் சூடத்தை வெளியே தெருமண்ணில் ஏற்றினார்கள். தீ வைக்கவில்லை என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. சோலை குனிந்து கையை நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டார்.

"மடியில கனமில்லேன்னா கைய ஏம்லே இழுக்கே?" என்றார் கூட்டத்தில் ஒருவர். சிரித்தார்கள்.

"வேணும்னு வைக்கல மொதலாளி" என்றார் சோலை, பெரியப்பாவைப் பார்த்து. "ஆனா பீடிய அணைச்சுப் போட்டேனா, கங்கோட போட்டேனான்னு நெனப்பு வரல. தெரியாம ஆத்தா முன்னால எப்படிச் சத்தியம் பண்ணுவேன்?"

சூடம் தானாக எரிந்து அடங்கியது. அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

என்னை யாரும் சத்தியம் செய்யச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூசாமல் அணைத்திருப்பேன். அவர் கை பின்வாங்கியதுமே, பீடிதான் காரணமோ என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்திருந்தது. மனம் தனக்கு வேண்டிய சாட்சியை எங்கிருந்தாவது அழைத்து வந்துவிடும். பிற்காலத்தில் தத்துவம் படித்தேன். கல்லூரியில் முப்பது வருடம் கற்பிக்கவும் செய்தேன். மனத்தைப் பற்றி இதற்கு மேல் எதையும் தெரிந்துகொண்டதாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாளே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவரும் அவர் மனைவியும் சிவகாசிப் பக்கம் 'தீப்பெட்டி ஆபீசு' என்று சொல்லும் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போனார்கள்.

அந்த ஆடியில் நாங்கள் இருக்கன்குடி மாரியம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தோம். நெரிசலில் சோலை அக்கினிச்சட்டி ஏந்தி வந்தார். பின்னால் வேப்பிலையோடு வந்த அவர் மனைவி என் அம்மாவைக் கண்டு நின்றார்.

"நல்லாருக்கீகளா தாயி? வாயில்லாச் சீவனுக எரைய எரிச்ச பாவம் தீரணும், மூணு வருசம் சட்டி எடுக்கேன்னு நேந்துருக்காக."

சோலை என்னைப் பார்த்துவிட்டார். அவர் கையில் சட்டி கனன்றுகொண்டிருந்தது.

"சின்ன மொதலாளி, தள்ளி நில்லுங்க. பொறி பட்டுரும்."

தள்ளி நின்றேன். மூன்று வருடம் முடிந்து பாவம் தீர்ந்ததும் அவர் மறுபடி எங்கள் மாடுகளைப் பார்க்க வந்துவிடுவார் என்று நினைத்தேன். அதுவரை நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.