காலுக்கு வேலையில்லாத கிட்டார்

என் மனைவியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது, அவள் நல்லபடியாகத் திரும்பினால் கிட்டாரில் ஒரு பாட்டை முழுசாக வாசிக்கிறேன் என்று எங்கள் ஊர் அம்பாளிடம் வேண்டிக்கொண்டேன். அவள் திரும்பி வந்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஹவாய்த் தீவுப் பாட்டுகள்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். பிரான்சுக்குக் குடிபோன ஒருவர், வீட்டை ஒழிக்கும்போது, கம்பியின் ஒலியை ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் காயில் போன ஸ்டீல் கிட்டார் ஒன்றை எனக்குக் கொடுத்தார். சரிசெய்து, ஹவாய்க்காரர்கள் வாசிப்பதைப் போனில் பார்த்துப் பார்த்து வாசிக்கக் கற்றேன். அது மேசை மாதிரி நாலு காலில் படுத்திருக்கும். ஒரே பலகையில் மூன்று கழுத்து, ஒவ்வொன்றிலும் எட்டுக் கம்பி, ஒவ்வொன்றுக்கும் வேறு சுருதி. இடது கையால் ஓர் இரும்புத் துண்டைக் கம்பிமேல் வழுக்கிக்கொண்டு வலது கையால் மீட்ட வேண்டும். சுருதி மாற வேண்டுமானால் அடுத்த கழுத்துக்குத் தாவ வேண்டும்.

நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். தையல் போட்ட இடம் அவளுக்கு மறுபடி வலித்தது. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். அவள் ஒப்பவில்லை.

"வேண்டிக்கிட்டதச் செய்யாம வச்சிருக்கீங்க. வலிக்காம என்ன பண்ணும்?"

கிட்டாரையும் ஸ்பீக்கரையும் கோயிலுக்குக் கொண்டுபோனோம். குருக்கள் கிட்டாரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"கால்ல மிதிக்கறது ஏதாவது இருக்கா? சந்நிதியில வாத்தியத்தைக் கால்ல மிதிக்கப்படாது."

"அது வேற வகைங்க சாமி. மிதிச்சா சுருதி மாறும். இதுல காலுக்கு வேலையே இல்லைங்க. அதுக்குத்தான் மூணு கழுத்து."

"ஆறு முகத்தையே பாத்தாச்சு, மூணு கழுத்து என்ன. எந்த சுவாமி பாட்டு?"

"சாமி பாட்டு இல்லைங்க. கடலு, காத்து, தென்னமரம்னு வரும்."

"நம்ம காரைக்கால்மேட்டுக் கடற்கரையில இருக்கறதுதானே. வாசிங்கோ."

அம்பாள் முன்னால் நாற்காலி போட்டு உட்கார மனசு வரவில்லை. கிட்டாரின் கால்களைக் கழற்றி, மணைமேல் வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பாட்டு நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவது கழுத்து எட்டாமல் முன்னே சாய்ந்தபோது என் கால் நழுவி, கால் கட்டைவிரல் கிட்டாரில் பட்டுவிட்டது. இரண்டு கையும் தானாகப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப் போயின. இரும்புத் துண்டு புருவத்தில் இடித்தது. பாட்டு நின்றுவிட்டது.

குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நடை சாத்தணும். முக்கால்வாசி ஆச்சு. அம்பாள் ஏத்துப்பா."

"முழுசான்னுதானங்க வேண்டிக்கிட்டாரு?" என்றாள் என் மனைவி. தரையில் உட்காரக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். "மொதல்லேர்ந்து வாசிங்க."

வாசித்தேன். அதே இடத்தில் அதே விரல் பட்டது. தாயே, இவளுக்காக இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, கையை எடுக்காமல் கடைசிவரை வாசித்தேன். பிறகு பலகையை மூன்று முறை தொட்டு ஒற்றிக்கொண்டேன், கழுத்துக்கு ஒன்றாக.

ஆட்டோவில் வரும்போது வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"மறந்துபோயிருந்தேன். ஏங்க ஞாபகப்படுத்துறீங்க?" என்றாள்.