அந்தோணி கொண்டுவந்த தெருவிளக்கு

கும்மிடிப்பூண்டி உருக்காலையில் கிரேன் ஓட்டும் அந்தோணிக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. காயலான் கடைதான். எல்.ஈ.டி. மாட்டுகிறோம் என்று ஊர் ஊராகக் கழற்றி எறிந்த பழைய தெருவிளக்குகளை எடைக்கு வாங்கி வீடு முழுக்கத் தொங்கவிட்டிருக்கிறான். முப்பத்தொன்று.

எனக்கு எல்லாம் ஒரே விளக்கு. அவன்தான் பிரித்துக் காட்டினான்.

"பல்பு எரியறது பெரிசில்லண்ணே. பின்னால ரிஃப்ளெக்டரு வழவழன்னு இருக்கணும், அப்பத்தான் வெளிச்சம் சொன்ன பக்கம் போவும். கீய இந்தக் கண்ணாடில வரிவரியா பல்லு கீது பாரு, அது ரோட்டு நெடுக ரெண்டு பக்கமும் தள்ளிவுடும்."

ஆலை கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை கம்பெனி ரோடு. புது எல்.ஈ.டி. வெளிச்சத்தைக் கம்பத்தடியில் மட்டும் வட்டமாகக் கொட்டும். கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருட்டு. ஆடி மாசம் அந்த இருட்டில் துப்புரவு வேலை மெர்சியின் காலில் ஸ்கிராப் லாரி ஏறியது. ஓரமாக நடக்கவில்லை என்று நிர்வாகம் எழுதிக்கொண்டது. த்தூ.

அந்தோணி மேனேஜரை விடவில்லை. கடைசியில் அந்த ஆள் இறங்கி வந்தார்: ஆயுத பூஜைக்கு மறுநாள் சாயங்காலம், ஒரே ஒரு கம்பம். பழைய விளக்கு அந்த இருட்டைப் போக்கினால் ரோடு முழுக்க விளக்கை மாற்றலாம். அந்த ரோட்டு அகலத்துக்குப் பொருந்தி, ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் கெடாமல் இருந்தது முப்பத்தொன்றில் ஒன்றுதான். அதைக் கொண்டுவந்து மெயின்டனன்ஸ் ஷெட்டில் வைத்துவிட்டுப் போனான்.

பூஜை அன்று ஷெட்டில் எதற்கும் தப்பிக்க வழியில்லை. லேத், ஏணி, குப்பைத் தொட்டி, எல்லாவற்றுக்கும் பெயிண்ட். ஃபோர்மேன் தணிகாசலம் விளக்கையும் திறந்தார். ரிஃப்ளெக்டரை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளி பெயிண்ட் இரண்டு கோட் அடித்தார். கண்ணாடிக்குச் சந்தனம், குங்குமம். பழைய தொழிற்சங்கத்து ஆள் என்று என்னையும் பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பொரி தின்றுகொண்டே பார்த்தேன். ஜோராக இருக்கிறது என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் கம்பத்தடியில், மேனேஜர் முன்னால், அந்தோணி விளக்கைத் திறந்து பார்த்தான்.

"இன்னா இது? யாரு கை வச்சது?"

"நாந்தாண்டா," என்றார் தணிகாசலம். "மங்கிப் போய்க் கெடந்துச்சு. மேனேஜர் பாக்கசொல்ல நம்ம மானம் போவலாமா? வாணான்னா சொல்லு, தின்னர் போட்டுத் தொடச்சிர்லாம்."

"பெயிண்ட்டு போவும்ண்ணே. உப்புத்தாள் கீறுனது எங்க போவும்?"

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏத்துங்கப்பா, டைம் இல்ல."

அந்தோணியே ஏணியில் ஏறி மாட்டினான். பழைய பல்பு மெல்லச் சூடேறி ஐந்து நிமிடத்தில் முழு வெளிச்சத்துக்கு வந்தது. ஆனால் அந்த வெளிச்சம் எந்தப் பக்கமும் போகாமல் கம்பத்தடியிலேயே மந்தமாகக் கிடந்தது.

"இதுக்கா இவ்ளோ பேசுன? எல்.ஈ.டி.யே தேவல," என்று சிரித்துவிட்டு மேனேஜர் காரில் ஏறினார். காருக்கு ஹெட்லைட் இருக்கிறது.

தணிகாசலம் கெட்டவரில்லை. அதுதான் குமட்டுகிறது. அதிகாரி வருகிறான் என்றால் எதன்மேலாவது பெயிண்ட் அடிக்கிற புத்தி நம் கூட்டத்துக்கு. அதை வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. மந்திரி வந்த நாளெல்லாம் கொடிக்கம்பத்துக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னவன் நான்தான்.

ஷிஃப்ட் முடிந்து பெண்கள் வந்தார்கள். செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டு, லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நின்று நின்று, அந்த இருட்டைக் கடந்தார்கள். கடைசிப் பெண் போகும்வரை அந்தோணி ஏணியிலிருந்து இறங்கவில்லை.