புகை வந்துச்சா?

என் கை வெந்த அன்று என் புருஷன் என்னிடம் முதலில் கேட்ட கேள்வியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பதாகவும் இல்லை.

அவர் செல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நான் வீட்டிலேயே கல்யாணப் பெண்களின் ரவிக்கைக்குக் கல்லும் பாசியும் வைத்துத் தைக்கிறவள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் என்றால் அவருக்கு உயிராம், மேலே படிக்க முடியாமல் போய்விட்டதாம். அந்தக் குறையை நாற்பத்தைந்து வயதில் எங்கள் மொட்டை மாடியில் தீர்த்துக்கொண்டிருந்தார். கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருத்தர் ஒத்தக்கடையில் பள்ளிக்கூட வாத்தியார், இன்னொருத்தர் ஆரப்பாளையத்தில் செல்போன் ரிப்பேர் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், மூன்று பேரும் மாடியேறிவிடுவார்கள். மயில்துத்தத்தில் நீலக் கட்டி வளர்ப்பார்கள். செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சையைப் பிழிந்து, நிறம் மாறினால் கைதட்டுவார்கள். குடி, சீட்டு என்று போகாமல் இதோடு நிற்கிறாரே என்று நானும் டீ போட்டு மேலே அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

போன வருஷம் புகையில்லா வெடிமருந்து என்று ஒரு கிறுக்குப் பிடித்தது. பழைய கருமருந்து வெடித்தால் எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குப் புகை வருமாம், இது எரிந்தால் பொட்டுப் புகை இருக்காதாம். வெறும் பஞ்சை என்னென்னவோ செய்து அப்படி ஆக்கலாம் என்று எங்கேயோ படித்துவிட்டார்கள்.

"மதினி, பாக்கப் பஞ்சு மாதிரியேதான் இருக்கும். ஒரு வித்தியாசமும் தெரியாது" என்று வாத்தியார் பெருமையடித்தார்.

"எந்தக் கருமத்தையும் செய்ங்க. வீட்டுக்குள்ள மட்டும் கொண்டாராதீங்க."

"அட, நாங்க என்ன சின்னப் பிள்ளைகளா?" என்று மூன்று பேரும் சிரித்தார்கள். இரண்டு தடவை செய்து பார்த்தார்கள், இரண்டு தடவையும் கரும்புகைதான் வந்தது. அதோடு விட்டார்கள் என்று நானும் மறந்துபோனேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், விளக்குத் திரிக்குப் பஞ்சு தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கிவாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். "சரி சரி" என்றார். சாயங்காலம் பார்த்தால் பிரிஜ் மேல் ஒரு கிண்ணம் நிறைய வெள்ளை வெளேரென்று பஞ்சு. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னதை ஞாபகம் வைத்து வாங்கிவந்துவிட்டாரே என்று எனக்கு மனசு குளிர்ந்துபோனது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது. மழை தூறியதும், எனக்குத் தெரியாமல் மூன்றாவது தடவையாகச் செய்து மாடியில் காயப்போட்டிருந்ததை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, மனுஷன் முக்குக் கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார்.

ஒரு திரி திரித்து விளக்கில் வைத்தேன். கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. தீக்குச்சியைக் காட்டினேன். புஸ்ஸென்று ஒரு வெளிச்சம், அம்புட்டுத்தான். கிண்ணம் காலி. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெந்துபோயின. புருவம் பொசுங்கிய வாடை. நான் போட்ட அலறலில் தெருவே திரண்டது, அவரும் ஓடிவந்தார். என்னைப் பார்த்தார். காலிக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"ஏப்பா, புகை வந்துச்சா?"

வலிக்குதா என்று கேட்கவில்லை. கண் தெரியுதா என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்கார அண்ணன்தான் என்னை ஆட்டோவில் ஏற்றினார்.

"தோல் வந்துரும்மா. உணர்ச்சி திரும்புறதப் போகப் போகத்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர். ஊசி பிடிக்கிற இரண்டு விரல்கள். அவை இல்லாமல் எனக்கு என்ன வேலை தெரியும்? கூட்டாளிகள் ஆப்பிளோடு பார்க்க வந்தார்கள். ஆப்பிளைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்க மதினி, கிண்ணத்துல சாம்பல் ஏதாச்சும்..." என்று வாத்தியார் இழுத்தார். "எந்திரிச்சு வெளிய போங்கண்ணே" என்றேன். ஆப்பிளையும் கொடுத்தனுப்பினேன். மறுநாளே மாடியைக் காலி செய்யவைத்தேன்.

தோல் வந்தது. உணர்ச்சி இன்னும் வரவில்லை. பாசி ஊசி விரலில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. இப்போது பட்டறையிலிருந்து வந்ததும் அவர்தான் எனக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுக்கிறார். அந்தக் கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அது அவர் வாய்க்குள்ளேயே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் நூல் கோர்த்துக்கொண்டே மெதுவாக, "இன்னும் வலிக்குதாப்பா?" என்றார்.

இத்தனை மாசம் கழித்துக் கேட்கிறார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

"வரல" என்றேன். "பொட்டுப் புகை வரல. போதுமா?"

"ஐயோ, நான் அதைக் கேக்கலப்பா" என்று பதறினார். ஆனால் அதற்கு முன்னால், ஒரே ஒரு நொடி, அவர் முகம் மலர்ந்தது. நான் பார்த்துவிட்டேன்.

ஊசியைப் பிடுங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து நூலை நானே கோர்த்துக்கொள்கிறேன், எம்புட்டு நேரம் ஆனாலும்.