திரையோடு ஒட்டிப்போனவள்

என் வீட்டுக் கூடத்திலிருக்கும் தொலைக்காட்சியைப் பற்றி நான் எவரிடமும் பெருமை பேசியதில்லை. ஊர்தான் பேசிற்று. வளைகுடாவில் வேலை பார்க்கும் என் மகன் அனுப்பிவைத்த அந்தப் பெட்டி வடசேரியிலிருந்து வேனில் வந்து இறங்கிய அன்று, எங்கள் தெருவில் பாதிப்பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தால் உருவங்கள் திரையை விட்டு வெளியே வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"சினிமாக்காரியெல்லாம் எறங்கி மடியில வந்து உக்காருவாளுவளாமே, உள்ளதா?" என்று என் வயதொத்த ஒருவர் கேட்டார்.

பொதுப்பணித் துறையின் நீர்ப்பாசனப் பிரிவில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெட்டியை உள்ளே கொண்டுபோகச் சொன்னேன்.

பெட்டியோடு வந்த முப்பரிமாணத் திரைப்படங்களைச் சில நாட்கள் பார்த்தோம். மீன்கள் மூக்கருகே நீந்தின. பாறைகள் முகத்தை நோக்கி உருண்டன. வித்தைதான், வேறொன்றுமில்லை என்பது என் கருத்து. உலகமும் விரைவில் அதே கருத்துக்கு வந்தது போலும். அத்தகைய பெட்டிகளைச் செய்வதையே பிற்பாடு நிறுத்திவிட்டார்கள். என் வீட்டில் மட்டும் அது தன் இடத்தை இழக்காமலிருந்ததற்குக் காரணம் வேறு. மகன் அடுத்த விடுப்பில் வரும்போது இரட்டை வில்லை பொருத்திய ஒரு சிறு கேமராவைக் கொண்டுவந்தான். அதைக் கொண்டு அவன் தன் தாயை எடுத்தான்.

அந்த ஏற்பாட்டை இங்கே சொல்லிவிடுவது நல்லது. மனிதனின் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்று வேறு வேறு கோணத்தில் காண்கின்றன. கேமராவின் இரு வில்லைகளும் அவ்வாறே இரண்டு படங்களை எடுக்கின்றன. திரை அவற்றை மாற்றி மாற்றிக் காட்ட, கண்ணாடியின் இரு வில்லைகளும் அதே வேகத்தில் மாறி மாறி மூடித் திறந்து, இடக்கண்ணுக்கு உரியதை இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கு உரியதை வலக்கண்ணுக்கும் அளிக்கின்றன. மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தைச் செய்துகொள்கிறது. அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான். பார்ப்பவனுக்கு இரண்டு கண்களும் வேண்டும்.

என் மனைவி இறந்தபோது கூடத்துப் பெட்டியின்மேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடினார்கள். துட்டி வீட்டில் தொலைக்காட்சி ஓடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். துக்கம் விசாரிக்க வருவோரின் கூட்டம் ஓய்ந்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், வீட்டில் நான் மட்டும் இருந்த வேளையில் வேட்டியை எடுத்தேன். மகன் எடுத்த பதிவைப் போட்டேன். அவள் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் எண்ணெய். ஒரு சுளையைப் பிய்த்து, "இந்தா, தின்னு பாரு, தேனாட்டம் இருக்கு" என்று கேமராவை நோக்கி நீட்டினாள். கை திரையைக் கடந்து என் முகத்துக்கு நேரே வந்தது. நான் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அதிலிருந்து ஞாயிறு பிற்பகல்கள் அவளுக்குரியவை ஆயின. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் ஆண்டுத் திதியன்று உறவினர் கூடும்போது மறைக்க முடியாது. படையலும் சாப்பாடும் முடிந்தபின் எல்லோரும் கூடத்தில் அமர்வார்கள். இருக்கும் சில கண்ணாடிகள் மூத்தவர்களிடமிருந்து தொடங்கிக் கைமாறும். நான் நடுநாற்காலியில் இருந்து விளக்கம் சொல்வேன். தோவாளையிலிருந்து வரும் என் கொழுந்தியாள், மனைவியின் தங்கை, கண்ணாடிக்கு அடியில் சேலைத் தலைப்பை நுழைத்துத் துடைத்துக்கொண்டே, "அக்கா எந்திரிச்சி வந்துருவா போலல்லா இருக்கு அத்தான்" என்பாள்.

கடந்த ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி திரையை விட்டு வெளியே வரவில்லை. பதிவு ஓடிற்று, குரல் கேட்டது, பலாச்சுளை நீண்டது, ஆனால் எல்லாம் நாட்காட்டிப் படம்போலத் திரையோடு ஒட்டிக் கிடந்தன. பெட்டி பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து நாகர்கோவிலிலிருந்து பழுதுபார்ப்பவரை வரவழைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சற்று நேரம் பார்த்தார்.

"நல்லாத்தானே சார் இருக்கு? சக்கச்சுளை மூக்குல வந்து இடிக்குல்லா?"

"எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஒரு சோதனைக்காகக் கூப்பிட்டேன்" என்றேன்.

அவர் போனபின் வலக்கண்ணை உள்ளங்கையால் பொத்தினேன். கூடம் இல்லாமற்போயிற்று. ஓரத்தில் சன்னல் இருக்கும் இடத்தில் சாம்பல் நிறமாக ஒரு கீற்று மட்டும் எஞ்சியது. பணிக்காலம் முழுவதும் இடக்கண்ணை மூடிக்கொண்டு மட்டக்கருவியின் தொலைநோக்கி வழியே வாய்க்கால்களை அளந்தவன் நான். அந்தக் கண் போனதை எனக்குச் சொல்ல ஒரு தொலைக்காட்சி தேவைப்பட்டது.

காரை எடுக்காமல் பேருந்தில் ஏறிச் சென்று மருத்துவரைப் பார்த்தேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருக்கிறது, போனது போனதுதான், மற்றதைக் காக்க நாள் தவறாமல் சொட்டுமருந்து விட வேண்டும் என்றார். "கூட யாரும் வரலியா?" என்று கேட்டார். வெளியே இருக்கிறார்கள் என்றேன்.

ஏன் மறைத்தேன் என்பதற்கு எங்கள் நாட்டை அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. இங்கே பட்டப்பெயர் மனிதனைக் காட்டிலும் நீண்ட ஆயுள் உடையது. எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பத்துக்குக் காலொடிஞ்சான் வீடு என்று பெயர். கால் ஒடிந்தவர் இறந்து இரண்டு தலைமுறை ஆயிற்று, பேரப்பிள்ளைகள் ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்குகிறார்கள், பெயர் போகவில்லை. வரப்புத் தகராறு, வாய்க்கால் பங்கு என்று இன்னும் என்னை அழைத்துப்போகிறார்கள். "சாரு ஒரு பார்வை பாத்தாப் போதும்" என்பார்கள். அந்தப் பார்வையில் பாதி இல்லை என்று நானே பறையறைய வேண்டுமா? அதைவிட, அவள் எனக்கு முன்னால் வருவதில்லை என்பதை எந்த வாயால் சொல்வது?

இவ்வாண்டுத் திதிக்கு மகன் விடுப்பெடுத்து வந்திருந்தான். சாப்பாடு முடிந்து கூடம் நிறைந்தது. எனக்கு வந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுநாற்காலியில் அமர்ந்தேன். எந்த இடத்தில் என்ன வரும் என்பது எனக்கு மனப்பாடம். "இப்போது பாருங்கள், கை முன்னால் வரும்" என்றேன். சுளை நீண்டபோது வழக்கம்போலத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளவும் செய்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். "எவ்வளவு தெளிவாக வருகிறாள்" என்றும் சொன்னேன்.

கொழுந்தியாள் தன் கண்ணாடியைக் கழற்றினாள். "இது அணைஞ்சி அணைஞ்சி வருகு. ஒங்க கண்ணாடியச் செத்த நேரம் தாங்க அத்தான்."

கொடுத்தேன். அவள் மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"அய்ய, இதுல ஒரு பக்கம் ஒரேயடியாக் கறுப்பால்லா இருக்கு! ஒண்ணுமே தெரியல்ல. இதப் போட்டுக்கிட்டா இம்புட்டு நேரமும் அக்கா முன்னால வாறா, முன்னால வாறான்னு சொன்னிய? ஒங்களுக்கு மட்டும் தனியா வந்தாளாக்கும்!"

கூடம் சிரித்தது. மகன் அதை வாங்கி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தான். இடப்பக்க வில்லைக்குள் திரவம் கசிந்து முழுவதும் கறுத்திருந்தது. எல்லாக் கண்ணாடிகளும் வெளிப்பார்வைக்குக் கறுப்பாகவே இருப்பதால் அதுவரை எவரும் கவனிக்கவில்லை. அவன் சிரிக்கவில்லை. என் அருகில் வந்து குனிந்தான்.

"அப்பா, வலது கண்ணப் பொத்துங்க."

"சபையில் மரியாதையாக நடந்துகொள்."

"பொத்துங்கப்பா."

நான் பொத்தவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"எப்பம் இருந்து அத்தான்?" என்று கொழுந்தியாள் மெல்லக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியளா?" என்றான் மகன்.

"போனேன்."

"யாரு கூட?"

"நான் என்ன சின்னப்பிள்ளையா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல்லியாப்பா?"

"சொன்னா என்ன செய்திருப்பே? அங்கேருந்து ஒரு கண்ணு வாங்கிப் பார்சல்ல அனுப்பியிருப்பியா?"

கொழுந்தியாள்தான் மறுமொழி சொன்னாள். "திமிரு அத்தான் ஒங்களுக்கு. அக்காளும் இதத்தான் சொல்லிச் சொல்லிச் செத்தா. சோத்துல பாதிய அடுத்தவனுக்கு எடுத்து வச்சிருவாரு, வெசனத்துல மட்டும் ஒரு பருக்கை தர மாட்டாருன்னு."

அவ்வளவு பேர் நடுவில் என்னை அப்படி யாரும் பேசியதில்லை. கடிந்துகொள்ளத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"கண்ணு போனதுக்கில்ல. அவ திரையோட ஒட்டிப்போனா."

பலருக்கு அது விளங்கியிராது. மகன் பெட்டியை அணைத்துவிட்டு என் நாற்காலிக்கருகே தரையில் உட்கார்ந்தான். உறவினர்கள் ஒவ்வொருவராக, செருப்புச் சத்தம்கூடக் கேளாமல், போனார்கள்.

மறுநாள் காலை அவன் கேமராவின் பழைய பதிவுகளையெல்லாம் கிளறிக்கொண்டிருந்தான். "எல்லாமே த்ரீ-டி இல்லப்பா. சாதாரணமா எடுத்ததும் கொஞ்சம் கெடக்கு. செகண்டுக்கு அம்பது படம் ஓடுறது. பாக்கியளா?"

அவை இருப்பதை நான் அறிவேன்; பார்த்ததில்லை. ஆழமில்லாத பதிவு எனக்கு எதற்கு? மேலும் அந்த வேகத்தின்மீது எனக்கு நெடுநாளைய வெறுப்பு உண்டு. திரைப்படம் நொடிக்கு இருபத்துநான்கு படங்களாக ஓடும்போது அதற்கு ஒரு கம்பீரம் இருக்கிறது. அதை ஐம்பதாக்கினால் நாடகத் தொடர்போல, சன்னல் வழியே தெருவைப் பார்ப்பதுபோல ஆகிவிடுகிறது. இதை அவனிடம் சொன்னேன்.

"அம்மைய நீங்க சினிமாவுலயாப்பா பாத்திய?" என்றான்.

பிறகு நான் அறிந்த ஒன்றை எனக்கே விளக்கினான். ஒற்றைக் கண்ணாக இருந்தாலும், பார்ப்பவன் நகர்ந்தால் ஆழம் தெரியும். தோவாளை வழியே பேருந்தில் போகும்போது அருகிலுள்ள வரப்புகள் பின்னால் ஓடுகின்றன. மலை மட்டும் நம்மோடு கூடவே வருகிறது. கேமராவைப் பிடித்தவன் நடந்திருந்தால் திரையிலும் அவ்வாறே நிகழும். படங்கள் குறைவாக ஓடினால் அசைவு வெட்டி வெட்டி விழுந்து அந்த உணர்வு கெட்டுவிடும். ஐம்பது ஓடினால் தண்ணீர்போலப் போகும்.

நடந்துகொண்டே எடுத்தது ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது.

புறவாசலில் அமர்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள். பின்னால் கொடியில் துணிகள், அதற்கும் பின்னால் கிணற்றுச் சுவர், வாழைகள். மகன் அவளுக்கு முன்னால் இடப்புறமிருந்து வலப்புறமாக நடக்கிறான். கொடித்துணி அவள் தலைக்குப் பின்னால் நகர்ந்தது. கிணற்றுச் சுவர் அதைவிட மெதுவாக நகர்ந்தது. வாழை அசையாமல் நின்றது. அவற்றினின்று அவள் தனியே பிரிந்து, தன் இடத்தில், தன் கனத்தோடு, எனக்கும் சுவருக்கும் நடுவே இருந்தாள். காதருகே நரைமுடி ஒன்று எழும்பி நின்றது. தோள் தேங்காய்மூடியோடு முன்னும் பின்னும் போயிற்று. நான் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டேன்.

அப்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏலே, ஒரு எடத்துல நில்லுடே. எனக்குத் தல சுத்துகு."

அவன் நின்றான். கொடி நின்றது, சுவர் நின்றது. அவள் துருவிக்கொண்டேயிருந்தாள், ஆனால் சுவரோடு சேர்ந்து மறுபடியும் தட்டையாகிவிட்டாள். மீதிப் பதிவு முழுவதும் அவ்வாறுதான். அவள் ஒருமுறை சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் மறுப்பு இருந்ததில்லை.

மகன் திரையைப் பார்த்தபடியே, "நான் நின்னிருக்கப்பிடாது" என்றான்.

"அம்மை சொன்னா நிக்கத்தான் வேணும்" என்றேன்.

விடுப்பு முடிந்து அவன் திரும்பிப் போய்விட்டான். சொட்டுமருந்து விட்டேனா என்று நாள்தோறும் தொலைபேசியில் கேட்கிறான். விட்டேன் என்கிறேன், அது மெய்யே. கொழுந்தியாளும் கேட்கிறாள், வசவோடு. பட்டப்பெயர் ஏதும் விழுந்துவிட்டதா என்பதை நான் அறியேன். அது உரியவன் காதுக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும்.

ஞாயிறு பிற்பகல்களில் இப்போது கண்ணாடியின்றி அமர்கிறேன். அந்தப் புறவாசல் பதிவை மட்டும் போடுகிறேன். வேறெல்லாப் பதிவுகளிலும் அவள் எப்போது பேசுவாள் என்று காத்திருந்தவன் நான். இதில் கொடி நகரத் தொடங்கியதும், கிணற்றுச் சுவர் மெல்லப் பின்தங்கியதும், அவள் எனக்கு முன்னால் வந்து அமர்ந்ததும், இந்த ஒருமுறை மட்டும் அவள் ஒன்றும் சொல்லாமல் துருவிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அவள் தலை நிமிர்கிறாள்.