மாஸ்டர் அழித்து எழுதிய பலகை

புனேயின் கோந்த்வா பகுதியிலிருந்து வெங்கடேசன் மாஸ்டரின் மகன் போன் செய்தபோது வங்கியில் கூட்ட நேரம். "அங்கிள், அப்பா போயிட்டார். காலைல காபி குடிச்சுட்டு சாஞ்சவர் எழுந்திருக்கலை" என்றான். கவுன்டரைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டுப் பின்பக்கம் போய் அழுதேன். இதைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்கும் அன்று அப்படித்தான் இருந்திருக்கும்.

தொண்ணூறுகளில் புனேயிலிருந்து தௌண்ட் போகும் ரயில் பாதையில் ஒரு சின்ன ஊருக்கு அவர் ஸ்டேஷன் மாஸ்டர். நான் அங்கே வங்கிக் கிளையில் குமாஸ்தா. தமிழ் பேச நாங்கள் இரண்டே பேர், ஆகவே சண்டை போடவும் நாங்களேதான். அரசியல் தொடங்கி சாம்பார்ப் பொடி வரை எதிலும் ஒத்துப்போனதில்லை.

அப்போது, காலை பாசஞ்சர் இனி அங்கே நிற்காது என்று பேச்சுக் கிளம்பியது. காய்கறிக் கூடையோடு புனே போகும் பெண்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அதை விட்டால் வழியில்லை. ஊர் ஒன்றுகூடிக் கேட்டால் தப்பலாம். ஆனால் ஷிண்டே வீடும் ஜாதவ் வீடும் ஒரே பந்தலில் உட்காராத ஊர் அது. ஸ்டேஷனுக்கு நிலம் கொடுத்தது எங்கள் கொள்ளுத்தாத்தாதான் என்று இரு வீடும் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கு நின்றன.

"நான் கவர்மென்ட் ஆளு, மனு எழுதப்படாது. சரித்திரம் எழுதலாமோல்லியோ?" என்றார் மாஸ்டர். ஸ்டேஷனின் வரலாற்றைப் பலகையில் எழுதி மாட்டினால் ஊருக்குப் பெருமை வரும், பெருமை வந்தால் ஒற்றுமையும் வரும் என்பது அவர் எண்ணம். யாரோ சொன்னதை நம்பி, நிலம் தந்தவர் ஷிண்டே என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டார். ஜாதவ் வீட்டார் பாசஞ்சருக்காகக் கூடவிருந்த ஊர்க் கூட்டத்துக்கே வரமாட்டோம் என்றார்கள். "கொஞ்சநஞ்சம் இருந்ததையும் கெடுத்துட்டீங்களே ஸார்!" என்று கத்தினேன்.

மாஸ்டர் பாசஞ்சருக்குக் கூட்டம் நிற்கும்போதே மண்ணெண்ணெய்த் துணியால் அந்தப் பலகையைத் துடைத்தார். பிறகு வீடு வீடாகப் போனார். நிலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. தன் அரைகுறை மராத்தியில், "இந்த ஸ்டேஷன்னா உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வருது?" என்று மட்டும் கேட்டார்.

ஜாதவ் வீட்டு மூத்த மருமகள் சிரித்துவிட்டார். கல்யாணமாகி அவர் அங்கே வந்து இறங்கிய அன்று கொட்டும் மழையாம். வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது ஷிண்டேயின் மாட்டு வண்டியாம். "வண்டி அவங்களோடதுதான்" என்று அவர் கணவரும் முனகினார்.

புதிய பலகையில் நிலம் இல்லை, வண்டி இருந்தது. அதைப் படித்த இரு வீட்டாரும் கூட்டத்துக்கு வந்தார்கள். சேர்ந்தே புனே போய் ரயில்வே அதிகாரிகளிடம் பேசினார்கள். பாசஞ்சர் இன்றும் நிற்கிறது. "உங்க பேரையும் பலகைல ஒரு மூலைல போட்டிருக்கலாமே ஸார்" என்றேன் அப்போது. "வண்டி நிக்கறதோல்லியோ, போதும்" என்றார்.

போன வாரம் செய்தி சொல்ல அங்கே போனேன். இரு வீட்டாருக்கும் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்த கையோடு ஆரம்பித்தார்கள். ஊருக்கு வந்ததும் மாஸ்டர் முதலில் டீ குடித்தது எங்கள் வீட்டில்தான் என்றார் ஷிண்டே. இல்லவே இல்லை, எங்கள் வீட்டில் என்றார் ஜாதவ். என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள்.

நான் இரண்டு வீட்டிலும் டீ குடித்துவிட்டு வந்தேன். எந்த வீட்டில் முதலில் என்பதை மட்டும் இங்கே எழுதமாட்டேன். அந்தப் புத்தி மாஸ்டர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது.