பிரேக்குக்கு அடியில் விழுந்த ரேடியோ

இன்னைக்குக் காலையில ஹெப்பகோடி பக்கம் ஒரு பள்ளத்துல கார் இறங்கிச்சு. டேஷ்போர்டுல மாட்டியிருந்த என் ஹாம் ரேடியோ செட், ஸ்டாண்டு உடைஞ்சு, நேரா பிரேக் பெடலுக்கு அடியில போய் விழுந்துச்சு.

பிரேக்கை மிதிக்கிறேன், இறங்கவே இல்ல. முன்னாடி ஸ்கூல் வேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வேனுக்கு ஒரு முழம் பின்னால நின்னேன்.

இது மூணாவது ஸ்டாண்டு. செட்டை வீட்டுல விடவும் முடியாது. மழை வெள்ளத்துல போன் சிக்னல் போயிட்டா, எங்க வாலண்டியர் குழு பேசிக்கிறது இதுலதான்.

விவேக் நகர்ல கார் சாமான் விக்கிற கடைக்குப் போனேன். "அண்ணா, ஒன்றரை கிலோ தாங்கணும். என் பக்கம் திருப்பவும் முடியணும்."

கடைக்காரர் முதல்ல போன் ஸ்டாண்டை நீட்டினார், அது தாங்காது. அப்புறம் இரும்புல ஒண்ணு எடுத்தார். நல்ல கனம், எந்தப் பக்கமும் திரும்புது. எனக்கு உயிரே வந்துச்சு.

வெளியே வந்து என் கார் டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்ததும் அவர் முகம் மாறிடுச்சு. "ஆகல்ல, முடியாது மேடம். ஸ்டாண்டு ஸ்ட்ராங்கா இருக்கு, உங்க கார்தான் இல்ல. ஸ்க்ரூ போட்டா பிளாஸ்டிக் பிச்சுக்கும்."

செட்டைப் பக்கத்து சீட்டுல வச்சு, சீட் பெல்ட் போட்டு வீட்டுக்கு வந்தேன்.

"அப்ப நான் எங்க உட்கார்றது?"னு வீட்டுக்காரர் கேட்டார்.

"பின்னாடி"ன்னேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரல.

இந்தக் காரை வச்சுக்கிட்டுதான் வெள்ளத்துல அடுத்தவங்களுக்கு உதவப் போறேனாம். வழி தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா. புதுக் கார் வாங்குன்னு மட்டும் சொல்லாதீங்க.